கட்டில் ராஜா எழுந்திருக்க மாட்டான்

என் அண்ணன் ஒரு வில்லன்.

பெரிய வில்லன் என்றெல்லாம் சொல்ல முடியாது. மாதம் ஒருமுறை வருகிற ஒரு காமிக்ஸ் புத்தகத்தில், மொத்தமே மூன்று இதழ்களில் வந்தான். மூன்றிலும் தோற்றுப்போனான். கட்டில் ராஜா என்று பெயர்.

அந்தக் காமிக்ஸை வரைந்தவர் எங்கள் அப்பா. கதையின் ஹீரோ சாம்பல் பருந்து. சாதாரண நாட்களில் அவன் கடிகாரம் பழுது பார்க்கிறவன். ஊருக்கு ஆபத்து என்றால் சாம்பல் நிறச் சிறகுகளை மாட்டிக்கொண்டு கூரைகளுக்கு மேலே பறப்பான். அவனிடம் உதை வாங்குவதற்கு மாதாமாதம் ஒரு வில்லன் தேவைப்பட்டான். அந்த வில்லனைத் தேடிப் பிடிப்பதுதான் அப்பாவுக்குப் பெரும்பாடு.

ஏனென்றால் அப்பாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. கண்ணெதிரே இல்லாத எதையும் அவர் வரைய மாட்டார். சிங்கம் வேண்டுமென்றால் எதிர்வீட்டுப் பூனையைத் தூக்கிவந்து மேஜையில் உட்காரவைப்பார். பிடரி மயிருக்கு, துடைப்பத்தை அவிழ்த்து அதன் பக்கத்தில் பரப்பிக்கொள்வார். கடல்கொள்ளைத் தலைவனுக்கு எங்கள் பால்காரரின் முகம். விஷம் கலக்கும் சூனியக்காரியின் கைகள் அம்மாவுடையவை. அம்மா மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். புட்டி திறக்கிற லாவகம் அந்தக் கைகளில் இருந்தது.

"கட்டின பொண்டாட்டியை விஷக்காரி ஆக்கிட்டீங்க. நல்லா இருப்பீங்க," என்பாள் அம்மா.

"கை மட்டும்தானே உன்னோடது? மூக்கு வேற ஆளோடது," என்பார் அப்பா.

எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். ஒன்றில் சமையலும் சாப்பாடும். இன்னொன்றில் ஜன்னலோரம் அப்பாவின் வரைபலகை. அதற்கு நேர் எதிரே, சுவரோரம், அண்ணனின் கட்டில்.

அண்ணனுக்கு இதயத்தில் கோளாறு. பிறந்ததிலிருந்தே இருந்தது. ஆனால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முகம் உருண்டையாக, நன்றாகத்தான் இருக்கும். வாசல்வரை நடந்து திரும்பினால் போதும், உதடு நீலமாகிவிடும். வாசலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு அந்த நீலம் எப்படித் தெரியும்?

பள்ளிக்கூடத்தில் அவன் ஓடாமல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, "நடிக்கிறான்டா" என்றார்கள். பள்ளிக்கூடத்தையே விட்டபோது, "கணக்குக்குப் பயந்து நடிக்கிறான்" என்றார்கள். வீட்டுக்கு விசாரிக்க வந்தவர்கள்கூட, "ஆளு கல்லு மாதிரி இருக்கானே, இவனுக்கா உடம்புக்கு?" என்று கேட்டுவிட்டு, நாங்கள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டான். அவர்கள் போனபிறகு, கட்டிலில் படுத்தபடியே அவர்கள் பேசியதைப் பேசிக்காட்டுவான். நானும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரிப்போம். அவன் மட்டும் சிரிக்க மாட்டான்.

ஒருநாள் அப்பா வழக்கம்போல் வில்லன் கிடைக்காமல் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"என்னைப் போடேன்ப்பா," என்றான் அண்ணன்.

"உன்னையா? போட்டுட்டா போச்சு. பருந்துக்கு ஒரு தம்பி வந்துட்டான்னு வெச்சுக்கலாம்."

"ஐயையோ, வேணாம்! ஹீரோ பக்கம் போனா ஓடணும், குதிக்கணும், மாடிக்கு மாடி தாவணும். வில்லனா இருந்தா படுத்துக்கிட்டே உத்தரவு போடலாம்."

அப்பா பென்சிலை வாயிலிருந்து எடுத்தார். அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படியே இரு. அசையாதே," என்றார்.

"அசையாம இருக்கிறதுல என்னை யாரும் அடிச்சுக்க முடியாது," என்றான் அண்ணன்.

இப்படித்தான் கட்டில் ராஜா பிறந்தான். அவனுடைய கட்டிலுக்குச் சக்கரங்கள் உண்டு. முதுகில் அங்கி கிடையாது. கழுத்துவரை போர்வைதான் அங்கி. கையில் நீளமான ஒரு கொக்கிக் கம்பு. அது அண்ணன் நிஜமாகவே வைத்திருந்த கம்பு. திரைச்சீலை மாட்டுகிற கம்பியின் முனையை அப்பா வளைத்துக் கொடுத்திருந்தார். அலமாரியிலிருந்து புத்தகம் எடுக்கவும், ஜன்னலைச் சாத்தவும், போகிற வருகிற என் சடையைப் பிடித்து இழுக்கவும் அது அவனுக்கு உதவியது.

முதல் இதழில் கட்டில் ராஜா ஊரிலுள்ள எல்லோருடைய இடது கால் செருப்பையும் திருடினான். யாராலும் நடக்க முடியவில்லை. "எல்லாரும் என்னை மாதிரி வீட்லயே கிடங்க!" என்று கொக்கரித்தான். அந்த வசனம் அண்ணனே சொல்லிக் கொடுத்தது. பருந்து வந்து, ஒரு சக்கரத்தைக் கழற்றி, செருப்புகளை மீட்டது. இரண்டாவது இதழில் ஊரின் படிக்கட்டுகளுக்கெல்லாம் பசை பூசினான்.

மூன்றாவது இதழ் கடைக்கு வந்த வாரம் அண்ணன் இறந்துபோனான்.

அப்போது எனக்குப் பத்து வயது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்ல அதிகமில்லை. அம்மா மருந்துக்கடைக்குத் திரும்பினாள். அண்ணன் சாப்பிட்ட மாத்திரை இருந்த அலமாரித் தட்டுக்குப் பக்கமே போகாமல், அதை யாராவது கேட்டால் மற்றவர்களை எடுக்கச் சொன்னாளாம். அப்பா வேறு வில்லன்களை வரைந்தார். பால்காரரின் முகத்தையே மறுபடி மறுபடி போட்டார். கட்டிலை யாரும் நகர்த்தவில்லை. அதில் யாரும் படுக்கவும் இல்லை. நான் அதற்குக் கீழே, தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வேன்.

அடுத்த வருடம் எங்கள் வீட்டுக்கு ஒரு சினிமா டைரக்டர் வந்தார்.

குள்ளமான மனிதர். மூச்சு விடாமல் பேசினார். சாம்பல் பருந்தைப் படமாக எடுக்கப்போகிறாராம். பத்திரிகை ஆசிரியர் சம்மதித்துவிட்டாராம். வரைந்தவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தாராம்.

"வில்லன் யாரு?" என்று கேட்டார் அப்பா.

"கட்டில் ராஜா!"

அப்பா கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தார்.

"யோசிச்சுப் பாருங்க சார். மத்த வில்லனுக்கெல்லாம் கப்பல் வேணும், எரிமலை வேணும், முப்பது குதிரை வேணும். இவனுக்கு ஒரே ஒரு கட்டில்! அதுவும் இந்த மூஞ்சி இருக்கே, எங்க பிடிச்சீங்க இந்த மூஞ்சியை? அப்பாவி மாதிரியும் இருக்கு, விஷமம் மாதிரியும் இருக்கு."

டைரக்டர் பேசிக்கொண்டே அறையை ஒரு சுற்றுச் சுற்றி, உட்கார இடம் பார்த்து, அண்ணனின் கட்டிலில் உட்காரப் போனார். நான் ஓடிப்போய் நாற்காலியை அவருக்குப் பின்னால் தள்ளினேன். நல்லவேளை, நாற்காலியில் விழுந்தார்.

அவர் போனபிறகு அம்மா சமையல் பக்கத்திலிருந்து வந்தாள்.

"அது நம்ம பையன்னு ஏன் சொல்லலை?"

"சொல்ல வாய் வரலை," என்றார் அப்பா.

"எப்ப வரும்?"

அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை ஈரமாகவே இல்லை. "என்னமோ செய்யுங்க. அந்தப் படத்தைப் பார்க்க மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க," என்றாள்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. அண்ணன் வெள்ளித்திரையில் வரப்போகிறான். அவனுக்குத் தெரிந்தால் என் சடை என்ன பாடு படும்!

சில மாதங்கள் கழித்து, விடுமுறையில், அப்பாவை ஷூட்டிங் பார்க்கக் கூப்பிட்டார்கள். நானும் போனேன்.

அது ஒரு பெரிய தகரக் கொட்டகை. உள்ளே ஓர் அறை. அறை என்றால் மூன்று சுவர்தான். நாலாவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கேமரா நின்றது. சுவரைத் தட்டினால் அட்டைப்பெட்டி மாதிரிச் சத்தம் வந்தது. பருந்து வேஷக்காரர் சிறகுகளோடு வாசலில் மாட்டிக்கொண்டு, "யாராவது தள்ளி விடுங்கப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு பலகையில் அப்பா வரைந்த காமிக்ஸ் கட்டங்களைப் பெரிது பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். அறையை அதைப் பார்த்துத்தான் கட்டியிருந்தார்கள். ஜன்னல், அலமாரி, சுவரில் இருந்த விரிசல் உட்பட எல்லாம் அப்படியே எங்கள் வீடு. அதைப் பார்த்ததும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். வழக்கமாக நான்தான் அவர் கையைப் பிடிப்பேன்.

கட்டிலில் ஒரு நடிகர் படுத்திருந்தார். வயதானவர், நெட்டையானவர், மகா ஒல்லி. பாதம் இரண்டும் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எல்லோரும் அவரை 'ஒட்டடைக்குச்சி' என்று கூப்பிட்டார்கள். அவரும் அதற்குத் திரும்பிப் பார்த்தார். அவர் கன்னத்தில் சிவப்பாக ஒரு காயம் வரைந்திருந்தார்கள்.

"கன்னத்துல என்ன அது?" என்று கேட்டார் அப்பா.

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? நீங்க வரைஞ்சதுதானே!" டைரக்டர் பலகையில் ஒரு கட்டத்தைக் காட்டினார்.

அப்பா கிட்டே போய்ப் பார்த்தார். "இது நான் வரைஞ்சதில்ல. அச்சாபீஸ்ல சிவப்பு மை தள்ளி விழுந்திருக்கு. உதட்டுல விழ வேண்டியது."

டைரக்டர் தலையில் கை வைத்தார். "வாள் வெட்டுன்னு நெனச்சு, யார் வெட்டினாங்கன்னு தனியா ஒரு சீனே எழுதிட்டமே!"

ஒட்டடைக்குச்சி கட்டில் குலுங்கச் சிரித்தார். "விடுங்க சார். அச்சாபீஸ்காரன் வெட்டினான்னு போட்டுடலாம்."

அப்பாவும் சிரித்தார். நெடுநாள் கழித்துக் கேட்ட சத்தம். கொஞ்சம் துருப்பிடித்திருந்தது.

விளக்குகளைச் சரிசெய்கிற நேரத்தில் ஒட்டடைக்குச்சி என்னைக் கூப்பிட்டார். "நீதானே ஆர்ட்டிஸ்ட் பொண்ணு? இங்க வா. காலையிலேர்ந்து படுத்துப் பார்க்கறேன். தூங்கறவன் மாதிரி இருக்கே தவிர, ராஜா மாதிரி வரமாட்டேங்குது. நீ புத்தகம் எல்லாம் படிச்சிருப்பியே."

நான் கட்டிலோரம் நின்றேன். அவரை உட்கார்ந்து காட்டச் சொன்னேன். விருட்டென்று உட்கார்ந்தார்.

"இல்ல மாமா. அப்படி எழுந்தா மூச்சு வாங்கும். முதல்ல முழங்கையை ஊனிக்கணும். அப்புறம் ஒண்ணும் நடக்காத மாதிரி கொஞ்சம் சும்மா இருக்கணும். யாராவது பார்த்தா, ஜன்னலைப் பார்க்கிற மாதிரி பார்க்கணும். அதுக்கப்புறம்தான் மீதி."

அவர் செய்து பார்த்தார்.

"கம்பால எதையாவது எடுக்கும்போது முதல்ல கண்ணால அளக்கணும். ரெண்டாவது தடவை முயற்சி பண்ண தெம்பு இருக்காது. ஒரே தடவைல மாட்டணும்."

"சரி."

"பேசும்போது நீளமா பேசக்கூடாது. நடுவுல நிறுத்தணும். ஆனா நிறுத்தினது வேணும்னே நிறுத்தின மாதிரி இருக்கணும். அப்பத்தான் கேக்கறவங்களுக்குப் பயமா இருக்கும்."

ஒட்டடைக்குச்சி முழங்கையை ஊன்றி, ஜன்னலைப் பார்த்தபடி, "எல்லாரும் என்னை மாதிரி..." என்று சொல்லி நிறுத்தினார். பிறகு மெதுவாக, "வீட்லயே கிடங்க," என்றார்.

என் கை தானாகப் போய்ச் சடையைப் பிடித்துக்கொண்டது.

"இதெல்லாம் எந்த இதழ்ல வருது?" என்று கேட்டார் அவர்.

"இதழ்ல வரலை. எங்க வீட்ல வந்துச்சு."

அவர் என்னைப் பார்த்தார். எங்கள் வீடு மாதிரியே இருந்த அந்தச் சுவர்களைப் பார்த்தார். போர்வையைக் கழுத்துவரை இழுத்து ஒழுங்காக மூடிக்கொண்டார்.

அதற்குள் டைரக்டர் கையைத் தட்டிக்கொண்டு வந்தார். "இன்னைக்குக் கடைசிக் காட்சி! படத்தோட உயிரே இதுலதான் இருக்கு. பாப்பா, நீயும் கேளு. பருந்து கதவை உடைச்சுக்கிட்டு உள்ள வருது. ராஜா கட்டில்ல படுத்திருக்கான். பாவம், நோயாளின்னு பருந்து ஒரு நிமிஷம் தயங்குது. அப்பப் பார்த்து... போர்வையை உதறிட்டு ராஜா எழுந்து நிக்கிறான்! ஓடறான்! தாவறான்! அவனுக்கு ஒரு நோயும் கிடையாது. இத்தனை நாளா நடிச்சிருக்கான்!"

கொட்டகையில் இருந்தவர்கள் "ஆஹா" என்றார்கள்.

எனக்கு மரத்தடி ஞாபகம் வந்தது. 'நடிக்கிறான்டா' என்ற குரல்கள் ஞாபகம் வந்தன. அப்போது சொன்னது ஒரு வகுப்பு. இனிமேல் ஊரே டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து சொல்லப்போகிறது.

"ராஜா நடிக்கலை," என்றேன்.

"நடிச்சான் பாப்பா. அதான் ரகசியம்."

"இல்ல சார். அவனால நடக்க முடியாது."

"முடியும்மா! நானா சொல்றேன்? உங்கப்பாவே வரைஞ்சிருக்காரே!" டைரக்டர் என்னைப் பலகைக்கு இழுத்துப் போனார். "மூணாவது இதழ், கடைசிப் பக்கம். நல்லாப் பாரு."

பார்த்தேன். பக்கத்தின் மூலையில் ஒரு சின்னக் கட்டம். கட்டில் இருந்தது. போர்வை ஒருபக்கம் ஒதுங்கிக் கிடந்தது. தலையணையில் தலை அழுந்திய பள்ளம் இருந்தது. கொக்கிக் கம்பு சுவரில் சாய்ந்திருந்தது. ராஜா இல்லை.

"ஆளைக் காணோம் பார்த்தியா? எங்க போனான்? எழுந்து நடந்து போயிருக்கான்! ஒரு வார்த்தை எழுதாம ஒரே கட்டத்துல சொல்லிட்டாரு உங்கப்பா. இதைக் கண்டுபிடிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரலை. என்ன சார், சரிதானே?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலில் இருந்த பழைய மைக்கறையைக் கட்டைவிரலால் தேய்த்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

எனக்கு அந்தக் கட்டம் தெரியும். அதை அவர் வரையும்போது நான் பக்கத்தில் இருந்தேன். முந்தின நாள் அண்ணனைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அம்மா அவனோடு போய்விட்டாள். இதழை முடித்தே ஆக வேண்டும் என்று அச்சாபீஸிலிருந்து ஆள் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். அப்பா வரைபலகைக்கு முன்னால் உட்கார்ந்தார், நிமிர்ந்து எதிரே பார்த்தார். கண்ணெதிரே இல்லாத எதையும் அவர் வரைய மாட்டார். எதிரே இருந்ததை வரைந்தார்.

அப்பாவால் இப்போதும் சொல்ல முடியாது என்று எனக்குப் புரிந்தது.

"சார்," என்றேன். "அன்னைக்கு எங்க அண்ணன் ஆஸ்பத்திரில இருந்தான்."

"யாரு?"

"எங்க அண்ணன். அவன்தான் கட்டில் ராஜா. இது அவன் மூஞ்சிதான். அப்பா பார்த்துதான் வரைவாரு. அன்னைக்குப் பார்த்தப்போ கட்டில்ல அவன் இல்ல."

மேலே ஒரு விளக்கு மட்டும் சன்னமாக இரைந்துகொண்டிருந்தது.

டைரக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்புறம் வந்துட்டானில்ல?" என்று கேட்டார்.

"வரலை."

அவர் பக்கத்தில் கிடந்த ஒரு பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார். அப்பாவைப் பார்க்க முடியாமல் தொப்பிக்குள் பார்த்தார்.

"ஸ்கூல்ல எல்லாரும் அவன் நடிக்கிறான்னுதான் சொன்னாங்க," என்றேன். "வீட்டுக்கு வந்தவங்களும் சொன்னாங்க. நீங்க நல்லவங்க சார், உங்களுக்குத் தெரியாது. ஆனா நீங்களும் அதையே சொன்னா, அப்புறம் அதுதான் நெஜம்னு ஆயிடும்."

டைரக்டர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்ததை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லையாம். பிறகு, "எனக்குப் புரியுது கண்ணு," என்றார். "ஆனா படம்னா கடைசில ஏதாவது நடக்கணுமே. அவன் படுத்தே இருந்தா பருந்து என்ன செய்யும்? முடியாம கிடக்கிறவனை அடிச்சா, ஜனங்க பருந்தைத்தான் அடிக்க வருவாங்க."

"நான் அடிக்க மாட்டேன்ப்பா," என்றார் பருந்து வேஷக்காரர், வாசலில் மாட்டிக்கொண்ட இடத்திலிருந்தே.

அது நிஜமான சிக்கல்தான். நான் கட்டிலைப் பார்த்தேன். கதவைத் திறந்துகொண்டு யாராவது உள்ளே வந்தால் அண்ணன் என்ன செய்வான்?

"அடிக்க வேண்டாம் சார். பருந்து உள்ள வந்ததும் ராஜா, 'வந்தியா? அந்தத் தலகாணியைத் திருப்பிப் போடு'ன்னு சொல்லுவான்."

"என்னது?"

"ஒரே பக்கமா படுத்தா தலகாணி சூடாயிடும். யார் வந்தாலும் அண்ணன் முதல்ல அதைத்தான் கேப்பான். டாக்டரா இருந்தாலும் சரி. மறுபக்கம் ஜில்லுன்னு இருக்கும்."

"பருந்து என்ன பண்ணும்?"

"திருப்பிப் போடும். யாரா இருந்தாலும் போடத்தான் செய்வாங்க. அப்புறம் கட்டிலைத் தள்ளிக்கிட்டுப் போகும். சக்கரம்தான் இருக்கே."

"சிரிப்பாங்க பாப்பா."

"சிரிக்கட்டுமே சார்," என்றார் ஒட்டடைக்குச்சி. "சிரிச்சுட்டு, அப்புறம் என்ன செய்யறாங்கன்னு பார்ப்போமே."

டைரக்டர் எழுந்து மூன்று சுவர்களுக்குள் நடந்தார். தலையைச் சொறிந்தார். "ரெண்டு விதமாவும் எடுக்கறேன்," என்றார் கடைசியில். "எது படத்துல வரும்னு இப்ப என்னால சொல்ல முடியாது. அது என் கையில மட்டும் இல்ல. பொய் சொல்லி உன்னை அனுப்ப எனக்கு மனசு வரலை."

முதலில் எழுந்து நிற்பதை எடுத்தார்கள். ஒட்டடைக்குச்சி போர்வையை உதறிக்கொண்டு எழுந்து கொக்கரித்தார். பயங்கரமாக இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்து, தலையணைக் காட்சியை எடுத்தார்கள். அது முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. விளக்குகளை அணைத்தார்கள். அவ்வளவுதான். எது நல்லது, எது கெட்டது என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா, "நீ சொல்லிட்டே," என்றார். கொஞ்ச தூரம் போனபிறகு மறுபடியும், "நீயே சொல்லிட்டே," என்றார். அன்று சாயங்காலம் அவரே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். முதல் முறையாக அண்ணனின் பெயரை முழுதாகச் சொல்லி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

படம் வெளியானது. அப்பாவுக்கு மூன்று டிக்கெட் அனுப்பியிருந்தார்கள். நானும் அப்பாவும் கிளம்பி நின்றோம்.

"எழுந்து நிக்கிறானா, இல்லையா?" என்று கேட்டாள் அம்மா.

"தெரியாது," என்றார் அப்பா. "போனாத்தான் தெரியும்."

அம்மா செருப்பைத் தேடினாள்.

"நீ வரமாட்டேன்னியே?"

"அவனைப் பத்தி அவ்வளவு பேர் நடுவுல பொய் சொல்லப் போறாங்களோ என்னமோ. அப்ப பக்கத்துல நான் இருக்க வேணாமா?" என்றாள். ஆஸ்பத்திரியில் அவனை விட்டு ஒரு நிமிடம்கூட அவள் நகர்ந்ததில்லை.

தியேட்டர் முழுக்கக் குழந்தைகள். பருந்து பறந்தபோது விசில் பறந்தது. கட்டில் ராஜா முதன்முதலாக முழங்கையை ஊன்றி, ஜன்னலைப் பார்த்தபோது, அம்மா மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. ஆள் வேறு, வயது வேறு, பாதம் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் அது அண்ணன்.

கடைசிக் காட்சி வந்தது. கதவு உடைந்து விழுந்தது. பருந்து சிறகை விரித்துக்கொண்டு நின்றது. ராஜாவின் கை போர்வையின் ஓரத்தைப் பிடித்தது. அப்பா ஒருபக்கமும் அம்மா ஒருபக்கமும் என் கைகளை நசுக்கினார்கள்.

ராஜா போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டான்.

"வந்தியா?" என்றான். நிறுத்தினான். "அந்தத் தலகாணியைத் திருப்பிப் போடு."

தியேட்டரே சிரித்தது. டைரக்டர் சொன்னது சரிதான். பருந்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கதவைப் பார்த்தது. தன் கையைப் பார்த்தது. பிறகு குனிந்து, ஒரு கையால் ராஜாவின் தலையைத் தாங்கிப் பிடித்து, மறு கையால் தலையணையைத் திருப்பிப் போட்டது. ராஜா அதில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடினான். சிரிப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைந்து, நின்றுபோனது. கட்டிலின் சக்கரங்கள் உருள்கிற சத்தம் மட்டும் கேட்டது.

எங்களுக்குப் பின் வரிசையில் ஒரு சின்னப் பையனின் குரல்.

"டேய், எழுந்து ஓட வேண்டியதுதானே? ஏன் அப்படியே கிடக்கிறான்?"

"லூசு மாதிரிப் பேசாதே. அவனுக்கு உடம்பு முடியலைடா," என்றது இன்னொரு குரல்.

"சும்மா. நடிக்கிறான்."

"இல்லடா! பார்த்தாலே தெரியலையா உனக்கு?"

அம்மா இருட்டில் திரும்பிப் பார்த்தாள். "ஆமாம்ப்பா," என்றாள். "அவனுக்கு நெஜமாவே முடியலை."

அப்புறம் இரண்டாவது குரல், ஜெயித்துவிட்ட தோரணையில் சொன்னது: "பார்த்தியா? அந்தம்மாவே சொல்றாங்க."